பூட்டு கிளிநொச்சியில், திறப்பு பாரிசில்

மகன், நீ போனில் கேட்டது ஒரு வரிக் கேள்வி. "அம்மா, நான் திறக்கிற புளியங்குளத்துக் கடைக்கும் உங்கட கிளவுட்டையே பாவிக்கட்டோ? ஏன் வீணா வேற ஒண்டு?" ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லி முடித்திருக்கலாம். நான் "பொறு, எழுதி அனுப்புறன்" என்றேன். நீ சிரித்தாய். பக்கத்தில் நின்ற உன் வருங்காலப் பெண்சாதி சிரித்ததும் எனக்குக் கேட்டது. மாமியார்மாரின் காது கலியாணத்துக்கு முதலே கூர்மையாகிவிடும் என்பதை அந்தப் பிள்ளைக்கு நீயே பக்குவமாகச் சொல்லி வை. வாயால் சொல்லத் தொடங்கினால் இடையில் யாருடைய வீட்டுக் கதைக்குள்ளாவது புகுந்துவிடுவேன், நீயும் "ம்... ம்..." என்றபடி வேறு வேலை பார்ப்பாய் என்றுதான் எழுதுகிறேன். எழுத்தில் நான் கொஞ்சம் ஒழுங்கு. கொஞ்சம்தான். இதை எல்லாரும் வாசிக்கும்படி வெளியிலும் போடப்போகிறேன். நான் விழுந்த கிடங்குக்குள்ளேயே இந்த ஏ-ஒன்பது வீதியில் இன்னும் பல கடைக்காரர்கள், விழுந்ததே தெரியாமல் சந்தோசமாக இருக்கிறார்கள்.

பதிலை முதலே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். எங்கள் கணக்குக்குள் நீ வராதே. ஏனென்றால் அது எங்கள் கணக்கே இல்லை. கடை உன் அப்பாவின் பெயரில் இருக்கிறது, கரண்ட் பில் என் பெயரில் வருகிறது, வாற ஆக்களின் ஏச்சு இரண்டு பேருக்கும் பொதுவாக விழுகிறது. ஆனால் கடையின் சரக்கு முழுவதும் கிடக்கிற கிளவுட் கணக்கு மட்டும் சுதனின் பெயரில். எங்களிடம் டிசைன் வேலை செய்த அதே சுதன், இப்போது பாரிசில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுகிற சுதன். நான் கிளிநொச்சியில் அந்தக் கணக்கைத் திறந்தால் அதற்கான இரகசிய இலக்கம் பாரிசில் அவனுடைய போனுக்குப் போகும். அவன் பார்த்துச் சொன்னால்தான் இங்கே கடை திறக்கும். அவன் போனைத் தொலைத்தாலோ நம்பரை மாற்றினாலோ கடையின் கதை அன்றைக்கே முடிந்தது.

அதற்குள் என்ன அப்படிப் பெரிய சொத்து என்று வாசிக்கிற மற்றவர்கள் கேட்பார்கள், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். எங்களுடையது பனர் அடிக்கிற கடை. பிறந்தநாள், பிள்ளைகள் வயசுக்கு வந்த சாமத்திய வீடு, கோயில் திருவிழா, தேர்தல் வந்தால் கைகூப்பிய ஐயாமார் என்று எல்லாம் அடிப்போம். ஆனாலும் எங்களுக்குச் சோறு போட்டது சாவுதான். சொல்லக் கூச்சமாக இருந்தாலும் நீ அந்தச் சோற்றில் வளர்ந்தவன். காலையில் ஒருவர் கண்ணை மூடினால் பின்னேரத்துக்குள் அவருடைய முகம் சந்தியில் தொங்க வேண்டும். அந்த முகத்துக்கு எங்கே போவது? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சனத்திடம் படம் போட்ட அல்பம் என்று ஒன்று மிஞ்சவில்லை. அடையாள அட்டையைக் கொண்டுவருவார்கள். இல்லாவிட்டால் யாரோ ஒருவரின் கலியாணப் படத்தில் பந்தியின் மூலையில் சோறு பிசைந்துகொண்டிருக்கிற ஒரு பாதி முகத்தைக் கொண்டுவருவார்கள். சுதன் அதை வெட்டி எடுத்து, துடைத்து, கண்ணுக்கு வெளிச்சம் கொடுத்து, தேவைப்பட்டால் கோட்டும் போட்டுவிடுவான். வாழ்நாள் முழுக்க வயலை விட்டு வெளியே வராத ஒரு ஐயாவின் கழுத்தில் அவன் கட்டிவிட்ட ரையைப் பார்த்து, அவருடைய மனிசி அழுகையை நிறுத்திவிட்டு "உவர் ஆர்?" என்று கேட்டது உனக்கு நினைவிருக்கும். திருத்தி முடித்த படத்தைப் போனில் போட்டுத் தரட்டோ என்று கேட்டால் சனம் வேண்டாம் என்கிறது. "உங்களிட்டையே கிடக்கட்டும் அக்கா. எங்கட வீட்டிலை வைச்சது ஒண்டும் மிஞ்சினதில்லை." முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அதே படத்தைக் கேட்டு வருவார்கள், ஆண்டுத் திவசத்துக்கும் வருவார்கள். சிலபேர் உயிரோடிருக்கும்போதே வந்து, நல்ல படமாகத் தெரிந்து எடுத்துத் தந்துவிட்டு, "நேரம் வரேக்கை போடு பிள்ளை" என்று சிரித்துக்கொண்டு போகிறார்கள். இந்தப் பக்கத்து முகங்களெல்லாம் அந்த ஒரு கணக்குக்குள்தான் கிடக்கின்றன.

இப்படிப்பட்ட சரக்கை எங்கே வைப்பது என்று தீர்மானிக்க நாங்கள் எவ்வளவு யோசித்திருப்போம் என்று நீ நினைக்கிறாய்? முதலில் ஒரு பெட்டித் தட்டில் வைத்திருந்தோம், அதாவது அந்தக் கறுப்பு ஹாட் டிஸ்க்கில். ஒரு மாரிக்கு இடி விழுந்து அது புகைந்தது. அடுத்த நாள் சுதன் சொன்னான், "அக்கா, கிளவுட்டிலை போடுவம். என்ர கணக்கிலை சும்மா இடம் கிடக்கு." நான் சொன்னேன், "கிடந்தா போடு." இதுதான் எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் கூட்டம். உன் அப்பா அப்போது வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார், தலையை ஆட்டினார். கிளவுட்டுக்கு ஆட்டினாரா வடைக்கு ஆட்டினாரா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. இலவச இடம் நிரம்பியதும் மாதக் காசு கட்டத் தொடங்கினோம். உன் அப்பாவின் வங்கி அட்டையிலிருந்து காசு போனது, சுதனின் பெயரில் பற்றுச்சீட்டு வந்தது. கடைக்கு வருகிறவர் போகிறவர் எல்லாம் கணினியில் கை வைக்கிறார்கள் என்று, திறக்கும் ஒவ்வொரு முறையும் போனுக்கு இலக்கம் வரும்படி சுதனே பூட்டிவிட்டான். நல்ல வேலைதான் செய்தான். அந்த நல்ல வேலைதான் இன்றைக்கு எங்கள் கழுத்தில் சுருக்காகக் கிடக்கிறது.

பிறகு ஒருநாள் கொழும்பில் ஏதோ கோர்ஸ் என்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த முறை கதைத்தபோது பல் கிடுகிடுவென்று அடிக்கும் சத்தம் கேட்டது. ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு ஏற்றுகிற ஏஜென்சிக்காரன் பனிக்குள் எங்கேயோ இறக்கிவிட்டிருந்தான். பாரிசுக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்சம் மூச்சு விட்டதும் எங்களுடைய இலக்க வியாபாரம் தொடங்கியது.

"அக்கா, இலக்கம் வந்திட்டுது. முதல் சொல்லுங்கோ, ஆர் போனது?"

"பரந்தன் ரீச்சர்."

"எந்த ரீச்சர்? கணக்கோ, சங்கீதமோ?"

"சங்கீதம். கெதியாச் சொல்லடா, ஆக்கள் நிக்கினம்."

"அவவின்ரை மகள் கனடாவிலையெல்லோ? தமையனோடை கதை பேச்சில்லாமல் இருந்தவள். வாறாளாமோ?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

"உங்களுக்குத் தெரியாமல் கிளிநொச்சியிலை ஒரு நாய் குட்டி போடாது. சொன்னாத்தான் இலக்கம்."

சொன்னேன். வேறு என்ன செய்வது? கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருக்கிற சனத்துக்கு முதுகைக் காட்டியபடி, அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் குனிந்து நின்று, அவர்களுடைய குடும்பக் கதையையே அவன் காதுக்குள் ஊதினேன். அந்தக் கதை முடிவதற்குள் இலக்கத்தின் நேரம் முடிந்துவிடும். திரும்ப அடிக்க வேண்டும், திரும்ப ஒரு கதை சொல்ல வேண்டும். பொய் சொல்லக்கூடாது மகன், எனக்கு அதில் ஒரு சுகமும் இருந்தது. உன் அப்பாவிடம் கதை சொன்னால் அவர் நித்திரையாகிவிடுவார்.

ஆனால் சுகம் வேறு, சிறை வேறு. ஒருமுறை உன் அப்பா கணினியைத் துப்புரவாக்குகிறேன் என்று "பழசு" என்று பெயரிட்ட கோப்புறையைத் தூக்கி எறிந்தார். இங்கே எறிந்தது கிளவுட்டிலும் போய்விட்டது. ஒரு இடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழிகிற மாதிரித்தான் நாங்கள் வைத்திருந்தோம். அதை நாங்கள் பாதுகாப்பு என்று நம்பியிருந்தோம், அது வெறும் கண்ணாடி. நீ கண்ணாடிக்கு முன்னால் தலையை மொட்டையடித்தால் கண்ணாடிக்குள் நிற்கிறவனுக்கும் மொட்டைதான். அன்றைக்குச் சுதன் ரயிலில் நின்றபடி குப்பைக்கூடையிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுத் தந்தான். அவன் அன்று போனை எடுத்திராவிட்டால் தர்மபுரத்துக்கு முன்னோர்களே இல்லாமல் போயிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் வெளியே வருகிற வழியைத் தேடத் தொடங்கினேன். நீ வவுனியாவிலிருந்து வேறு வேறு கொம்பனிகளின் விபரம் அனுப்பினாய். ஒன்றில் வைப்பதற்கு மலிவு, வைத்ததைத் திரும்ப எடுக்கத்தான் காசு. அது அசல் அடகுகடைக்காரன் புத்தி. இன்னொன்று நல்லது, ஆனால் எல்லாவற்றையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். புதுக் கணக்கு ஒன்றை என் பெயரில் திறந்து, ஆளில்லாத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நகல் எடுக்கிறேன். எங்கள் இணைப்பின் வேகத்துக்கும் கரண்ட் போய் வருகிற வேகத்துக்கும், இது முடிய உனக்குப் பேரப்பிள்ளை பிறந்துவிடும். நான் ஒரு முகத்தைக் கொண்டுபோக, கடை வேலையெல்லாம் இன்னும் அதிலேயே நடப்பதால், பழைய கணக்குக்குள் இரண்டு முகம் வந்து சேர்கிறது.

கொம்பனியிடமே கேட்டுப் பார்த்தேன். உதவிப் பெட்டிக்குள் எழுதினால் யாரோ பதில் தந்தார்கள், மனிதரோ மிசினோ தெரியாது. நீங்கள்தான் கணக்கின் சொந்தக்காரரா என்று கேட்டது. இல்லை, காசு கட்டுவது நாங்கள் என்றேன். சொந்தக்காரரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றது. அவர் நாட்டில் இல்லை என்றேன். சொந்தக்காரரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றது. கடைசியில் எங்கள் சேவை உங்களுக்குத் திருப்தியா, நட்சத்திரம் போடுங்கள் என்றது. நான் அதற்குப் போட்டது நட்சத்திரம் இல்லை. சுதனிடம் கேட்டேன், "டேய், அந்த நம்பரை என்ர நம்பருக்கு மாத்தித் தாடா." "ஓமக்கா, ஞாயிற்றுக்கிழமை செய்யிறன்" என்றான். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை வந்து போனது. ஒருநாள் வேலை கூட என்றான், ஒருநாள் போனில் சார்ஜ் இல்லை என்றான். எனக்குக் கோபம் ஏறியது. உன் அப்பாவிடம் சொன்னேன், "உவனுக்கு எங்களைப் பிடிச்சு வைச்சிருக்கிறதிலை ஒரு கெப்பர், பெரிய ஆள் எண்ட நினைப்பு." அவர் வழமைபோலத் தலையை ஆட்டினார்.

போன மாதம் ஒருநாள், மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி, சுதனின் ஊரான தர்மபுரத்திலிருந்து ஒருவர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சுதனின் சித்தப்பா. தலைக்கவசத்தைக் கழற்றாமலே நின்றார்.

"தங்கச்சி, அண்ணை மோசம் போயிட்டார். விடிய வயலுக்குத் தண்ணி பாக்கப் போனவர், வரம்பிலையே விழுந்து கிடந்தார்."

"சுதனுக்கு?"

"இன்னும் சொல்லேல்லை. தனிய நிக்கிற பெடியன். வேலை முடிஞ்சு அறைக்கு வரட்டும், கூட இருக்கிற பெடியங்களைக் கொண்டு சொல்லுவிப்பம் எண்டு அண்ணி சொல்லுறா. நாளைக்கு எடுக்கிறம். பனர் பின்னேரத்துக்குள்ள கட்ட வேணும்."

"படம்?"

"உங்களிட்டைத்தானே கிடக்கு. சுதன் தன்ரை தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு எடுத்துத் திருத்தின படம். அவள் திருகோணமலையிலையிருந்து வந்துகொண்டிருக்கிறாள், போன் எடுத்தா அழுகைதான் கேக்குது. வீட்டை அடையாள அட்டை மட்டும்தான். அதிலை அண்ணை கள்ளன் மாதிரி."

நான் கணினிக்கு முன்னால் போய் இருந்தேன். திரையில் இலக்கம் கேட்கிற பெட்டி. அந்த இலக்கம் யாருடைய போனுக்குப் போகும் என்று உனக்குத் தெரியும். ஊரிலுள்ள எல்லாருடைய அப்பன்மாருக்கும் முகம் துடைத்துவிட்ட பிள்ளையின் தகப்பனை, கள்ளன் மாதிரிச் சந்தியில் தொங்கவிடவா? அல்லது அவனிடமே திறப்பை வாங்கி, அவனுக்குத் தெரியாமல் அவன் தகப்பனின் படத்தை எடுக்கவா? பொய் சொல்லுவது என்று தீர்மானித்தேன். பொய்யில் எனக்கு ஒரு பேர் இருக்கிறதுதானே. பாரிசில் அப்போதுதான் விடிந்திருக்கும். எடுத்தான்.

"சொல்லுங்கோ அக்கா. ஆர் போனது?"

"ஒருத்தரும் போகேல்லை. சாமத்திய வீட்டு பனர்."

"ஆற்றை பிள்ளை?"

இத்தனை வருடம் வாய் வளர்த்து என்ன பலன் மகன், அந்த நேரத்துக்கு ஒரு பேர் வரவில்லை. "உனக்குத் தெரியாத ஆக்கள்" என்றேன்.

"தெரியாத ஆக்களெண்டா நீங்கள் அவையின்ரை பூட்டனிலையிருந்தெல்லோ தொடங்குவியள்" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்தினான். குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

"அக்கா, தர்மபுரமோ?"

"ஓம்."

"வாய்க்காலுக்கு இஞ்சாலையோ, அங்காலையோ?"

"அங்காலை."

குழாயை மூடினான்.

"அப்பாவோ?"

"ஓம் ராசா."

சித்தப்பா தலையில் கையை வைத்துக்கொண்டு கதிரையில் இருந்துவிட்டார். நான் கேட்கக்கூடாததையே கேட்டேன். "வருவியோடா?"

"எதைக் காட்டி வாறது அக்கா?" என்றான். குரல் அவனுடையது மாதிரி இல்லை. "காட்ட ஒண்டு இருந்தா உங்களுக்கு நம்பரை எப்பவோ மாத்தித் தந்திருப்பனே. கிளவுட் கொம்பனிக்காரர் அடையாள அட்டையைக் கையிலை பிடிச்சுக்கொண்டு முகத்தைக் காட்டச் சொல்லுறாங்கள். அட்டையும் பாஸ்போட்டும் ஏஜென்சிக்காரன் வாங்கி வைச்சது, திருப்பித் தரேல்லை. இஞ்சை அகதி எண்டு பதிஞ்சு தந்த துண்டை அவங்கள் ஏற்கிறாங்களில்லை. உங்களுக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது." கணக்கு இரண்டு நாட்டிலிருந்து மாறி மாறித் திறக்கப்படுவதால் கொம்பனிக்குச் சந்தேகம். அதனால்தான் ஆளை நிரூபி என்கிறது. நான் கெப்பர் என்று நினைத்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் எனக்கு அந்தக் கதிரையில் வைத்து விளங்கின. நாங்கள் அவனுக்குள் மாட்டிக்கொண்டிருந்தோம், அவன் எங்கேயோ அதைவிட ஆழமாக மாட்டிக்கொண்டிருந்தான். அவனால் ஒரு நாட்டுக்கும் தன்னை இன்னான் என்று காட்ட முடியவில்லை, கிளவுட் கொம்பனிக்கும் முடியவில்லை.

பிறகு அவனே சொன்னான். "இலக்கத்தின்ரை நேரம் முடிஞ்சுது அக்கா. திரும்ப அடியுங்கோ." அடித்தேன். ஒவ்வொரு எண்ணாகச் சொன்னான். கதை ஒன்றும் கேட்கவில்லை. "திறந்திட்டுதோ? நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. ரூமிலை ஒரு பெடியனிட்டை லப்டொப் கிடக்கு. நான் செய்யிறன்."

செய்தான். கோப்புறைக்குள் அவன் தகப்பனின் பெயரில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. கொஞ்ச நேரத்தில் அது மாறியது, பிறகு இன்னொரு முறை மாறியது. நான் திறந்து பார்க்கும் ஒவ்வொரு முறையும் ஐயாவின் முகத்தில் ஏதோ ஒன்று துலங்கியிருந்தது. நெற்றியில் திருநீறு, கண்ணில் அந்த வெளிச்சம். சித்தப்பா எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டே நின்றார். படத்துக்குக் கீழே அறிவித்தலையும் அவனே எழுதி முடித்ததும் உன் அப்பா அச்சுக்குக் கொடுக்க வாசித்துப் பார்த்தார். எங்கள் பக்கத்து அறிவித்தல்களில் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் நாடு வரும். கனடா, சுவிஸ், லண்டன் என்று ஒரு குடும்பம் எத்தனை துண்டாகக் கிடக்கிறது என்று சந்தியில் நின்றே வாசித்துவிடலாம். உன் அப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்சேரப்பா, சுதன்ரை பேருக்குப் பக்கத்திலை பிரான்ஸ் விடுபட்டுப் போச்சு. நீர் போட்டுத் தாரும், அடிக்கிறன்."

"விடுபடேல்லை."

"இல்லையப்பா, பாரும். சுதன் எண்டு மட்டும்தான் கிடக்கு. இஞ்சை நிக்கிற ஆள் மாதிரி."

"ஊரிலை எல்லாற்றை நாட்டையும் பிழையில்லாமல் போட்ட பெடியன் தன்ரையை விடுவானே? அப்பிடியே அடியுங்கோ."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு துணியை விரித்தார். பின்னேரம் தர்மபுரச் சந்தியில் அவரே ஏணி வைத்துக் கட்டினார். வாசித்துக்கொண்டு நின்ற ஒருவர் "சுதன் வந்திட்டானோ?" என்று கீழேயிருந்து கேட்டாராம். உன் அப்பா, முடிச்சு இறுகவில்லை என்பதுபோலக் கயிற்றையே இழுத்துக்கொண்டு நின்றாராம்.

மகன், உனக்கு எந்தக் கொம்பனி நல்லது என்று எனக்குத் தெரியாது. அதை நீ என்னைவிட நன்றாகப் பார்ப்பாய். ஆனால் எவ்வளவு இடம், எவ்வளவு காசு என்று பார்ப்பதற்கு முதல் யாருடைய பெயர் என்று பார். கணக்கை உன் பெயரில் திற, இலக்கம் உன் பெண்சாதியின் போனுக்கும் வரும்படி வை. நாளைக்கு ஒரு கெட்டிக்காரப் பெடியன் வேலைக்கு வந்து "அண்ணை, என்ர கணக்கிலை சும்மா இடம் கிடக்கு" என்றால், அவனுக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துவிட்டு வேண்டாம் என்று சொல். உன்னைக் காப்பாற்ற மட்டுமில்லை, அவனையும் காப்பாற்றத்தான். முகங்களை ஒரு ஹாட் டிஸ்க்கிலும் நகல் எடுத்து வீட்டு அலுமாரியில் வை, அது ஒருவரிடமும் இலக்கம் கேட்காது. எங்கள் கணக்குக்குள் உன் கடையின் ஒரு முகத்தைக்கூட வைக்காதே. எனக்கு இதைவிட்டு வெளியே வர அவன் கையில் ஒரு கடுதாசி கிடைக்க வேண்டும். அவனுக்கு வீட்டுக்கு வரவும் அதே கடுதாசிதான் வேண்டும். அதுவரை நானும் அவனும் உள்ளேயே இருக்கிறோம். நீ வெளியே நில்.